பால் பல்லின் சனிக்கிழமைகள்

மித்ராவின் கீழ்ப்பல் வியாழக்கிழமை காலை இட்லியோடு சேர்ந்து வாயிலிருந்து வெளியே வந்தது. தளிர் இல்லத்தின் கண்காணிப்பாளர் பியூலா உடனே சுகிர்தாவைப் போனில் அழைத்தார்.

"விழுந்திருச்சு மேடம். டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். சனிக்கிழமை கமிட்டிக்குள்ள வாசிச்சிருவாங்கல்ல?"

குழந்தைகள் நலக் கமிட்டி கூடுவதற்குள் வாசித்துவிடுவார்கள் என்றாள் சுகிர்தா. மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரி தானே போய்ப் பல்லை வாங்கி வரவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. டிரைவரை அனுப்பியிருக்கலாம். ஆனாலும் போனாள். ஏன் போகிறோம் என்று வண்டியில் யோசித்துப் பார்த்தாள். பதில் வரவில்லை. சில வருடங்களாகவே அவளுக்குள்ளிருந்து எதுவும் சட்டென்று வருவதில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் தொடுவது தெரியும், வலிப்பது மட்டும் தெரியாது, அப்படி இருந்தது.

மித்ரா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. பல் போன இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு நாள் முடிஞ்சிருச்சா ஆன்ட்டி?"

ஐந்து மாதம் முடிந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம்தான்" என்றாள் சுகிர்தா.

"இந்தப் பல்லைக் கூரை மேல போடணும். இல்லன்னா புதுப் பல்லு கோணலா முளைக்கும். அம்மா சொல்லிச்சு."

"இது வாசிக்கப் போகணும்மா."

"பல்லுல என்ன படிப்பாங்க?"

"மரத்தை வெட்டினா உள்ள வளையம் வளையமா இருக்கும்ல? பல்லுக்குள்ளயும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு மெல்லிசு கோடு. நீ பொறந்த நாள்ல இருந்து பல்லு விழுற நாள் வரைக்கும்."

மித்ரா இதை மெல்ல யோசித்தாள்.

"நான் அழுத நாளும் இருக்குமா?"

"ரொம்ப அழுதிருந்தா இருக்கும்."

"போன பல்லை அம்மா கூரையில போட்டுச்சே. ஷீட்டுல டங்குன்னு சத்தம் கேட்டுச்சு. அதை எப்படிப் படிப்பாங்க?"

சுகிர்தா டப்பாவைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். குழந்தைகள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். காதில் விழுந்தது. அதற்கு மேல் எங்கும் போகவில்லை.

பல் வாசிப்பு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்னால், 'ஐஸ்' என்று தெருவில் பெயர் வாங்கிய போதைத் தூளைப் புகைக்கிற வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழியே இருக்கவில்லை. சிறுநீரில் பார்த்தால் மூன்று நாள் தெரியும், நான்காவது நாள் மறைந்துவிடும். ஆனால் புகை சுவரில் படியும், பாயில் படியும், பாயில் படுக்கிற குழந்தையின் உடம்பில் ஏறும். ஏறியது பல்லில் அன்றைய தேதியோடு உட்கார்ந்துகொள்ளும். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் அரசுப் பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு பல் பெட்டி வைத்தார்கள். பால் பல் விழுந்தால் பெற்றோர் ஒரு சீட்டில் தேதி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். தனியார் பள்ளிகளில் அது பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. யாரும் விரும்பவில்லை.

அந்தத் திட்டம் குழந்தைகளைக் காப்பாற்றியது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் வருடம், ஒரு குளியலறையில் பூட்டப்பட்டிருந்த மூன்று வயதுக் குழந்தையைச் சுகிர்தாவே தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் அண்ணனுடைய பல்தான் அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தது. அன்று இரண்டு நாள் அவளால் சாப்பிட முடியவில்லை. இப்போது சாப்பிட முடிகிறது.

அழைத்துவருவதற்கு ஒரு முறை இருந்தது. வீட்டிலிருந்து அழைத்துவரக் கூடாது, பள்ளியிலிருந்துதான். காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள். ஒரு பை, இரண்டு மாற்றுத்துணி, ஒரு பல் துலக்கி. குழந்தையின் வலது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வாசலில் நிற்கக் கூடாது. எத்தனை நாள் என்று கேட்டால் "ரெண்டு நாள்தான்" என்று சொல்ல வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது. உண்மை பெரியது, குழந்தையின் கைக்கு அடங்காது. இரண்டு நாள் என்றால் அடங்கும் என்றார்கள். சுகிர்தா இதுவரை எண்பத்து மூன்று குழந்தைகளிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். குரல் ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை.

அறிக்கை எழுதுவதற்கும் ஒரு முறை இருந்தது. 'தாயின் நிலை' என்ற இடத்தில் ஒரே வாக்கியம்தான் எழுதுவாள். "தாய்க்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை." தெரியாது என்று சொல்லாத தாயை அவள் பார்த்ததில்லை.

*

வாசிப்பு மையத்தில் ஜாஃபர் மாலை நான்கு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இளைஞர், ஆனால் எப்போதும் பாதி தூக்கத்தில் இருப்பவர்போல் பேசுவார்.

"நல்ல செய்தியை முதல்ல சொல்லிடறேன் மேடம். பல்லு சுத்தம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி கறை இருக்கு. அப்பன் அடிச்ச நாளா இருக்கலாம், சின்னச் சின்னக் கோடும் இருக்கு. அப்புறம் எல்லாம் நின்னு போச்சு."

"ஆகஸ்ட்ல வந்த பல்லுல கடைசிப் பதினாலு மாசமும் கறைன்னு கொடுத்தீங்களே?"

"ஆமா. அது வேற பிள்ளை."

சுகிர்தா அவரைப் பார்த்தாள்.

"மரபணு பார்க்க நமக்கு அனுமதி கிடையாது, உங்களுக்கே தெரியும். பிள்ளைங்க ரகசியம்னு சட்டம். ஆனா பொறந்த அன்னிக்கு விழுற கோடு இருக்கே, அது பொய் சொல்லாது. இன்னிக்கு வந்த பல்லுல மார்ச் இருபத்தேழு. மித்ராவோட பிறப்புச் சான்றிதழ்லயும் அதேதான். ஆகஸ்ட் பல்லுல ஜனவரி பதினேழு. அப்போதான் மெஷினை மாத்தியிருந்தோம், தொண்ணூறு நாள் வரைக்கும் பிழைன்னு விட்டுடுங்கன்னு மேல சொல்லிட்டாங்க. நாலாவது பக்கத்துல குறிப்பு போட்டிருந்தேன் மேடம்."

அறிக்கை ஆறு பக்கம். முதல் பக்கத்தின் அடியில் பச்சையோ சிவப்போ ஒரு பட்டை இருக்கும். ஆறாவது பக்கத்தில் கையெழுத்து போட வேண்டும். நடுவில் இருந்த நான்கு பக்கங்களைப் படிப்பதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்போ கூரையில போட்டதுதான் அவ பல்லு" என்றாள். மித்ரா சொன்னது இப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னொண்ணு இருக்கு." ஜாஃபர் திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்தில் நூல் நூலாகக் கோடுகள் ஓடின. ஓரத்தில் ஒன்று மட்டும் கத்தியால் கீறியதுபோல் கறுத்திருந்தது. "அப்பன் அடிச்ச நாளெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. இவ்வளவு ஆழமா நான் பார்த்ததில்ல. செப்டம்பர் பதினாலு. அன்னிக்கு என்ன நடந்துச்சு, தெரியுமா மேடம்?"

"நான் அவ பள்ளிக்கூடத்துக்குப் போனேன்."

ஜாஃபர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்தார்.

"இதை அறிக்கையில போடுங்க" என்றாள் சுகிர்தா.

"அதுக்குக் கட்டம் இல்லையே மேடம்."

*

வெள்ளிக்கிழமை காலை அலைமேடு குடியிருப்புக்குப் போனாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீடுகள், எதிரும் புதிருமாக. மித்ராவின் அம்மா வெண்ணிலா தையல் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். நாளை கமிட்டி என்பதால். தரையில் உட்கார்ந்து சிறிய கவுன்களை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் துவைத்துக் காய்ந்தவை.

"போடாத துணியை ஏன் துவைக்கிறீங்க?"

"புழுதி ஏறுதே மேடம்." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "குந்துங்க."

"ஆகஸ்ட்ல பெட்டியில போட்டது யாரோட பல்லு வெண்ணிலா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி மடித்தது.

"கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"மித்ராவோட அடுத்த பல்லு விழுந்துச்சு. சுத்தமா இருக்கு. முதல் பல்லையே போட்டிருந்தா இந்த அஞ்சு மாசமும் அவ இங்க இருந்திருப்பா."

வெண்ணிலா தலையை நிமிர்த்தவில்லை. காதில் விழவில்லையோ என்று சுகிர்தா நினைத்தாள். பிறகு அவள் தோள் மெல்லக் குலுங்குவதைப் பார்த்தாள். தான் சொன்னதன் எடை என்ன என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

"அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது மேடம்" என்றாள் வெண்ணிலா, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. "நான்தான் வெளக்கமாத்தால அடிச்சித் தொரத்துனேன். ஆனா அதுக்கு முன்னாடி இதே ரூம்ல, அதோ அந்த மூலைல குந்திக்கினுதான் இழுப்பாரு. பழசெல்லாம் பல்லுல தெரியும்னு சொன்னாங்க. பழசுக்கும் புதுசுக்கும் தேதி தனித்தனியா தெரியும்னு யாரும் சொல்லலியே. பயந்துட்டேன்."

"அதனால வேற பல்லு."

"இங்க எல்லாரும் பண்றதுதான். சுத்தமான வூட்டுப் பல்லா வேணும்னு அலைவோம். வூட்டு வேலைக்குப் போறவங்க எடுத்தாந்து குடுப்பாங்க. அடுக்குமாடில இருக்கிறவங்களுக்கு ஏது கூரை? புள்ளைக்குப் பல்லு வுழுந்தா, நீயே உங்க வூட்டுக் கூரையில போட்டுடும்மான்னு வேலைக்காரம்மா கைல குடுத்துடுவாங்க. பொம்பளப் புள்ளைக்குப் பொம்பளப் புள்ளைப் பல்லு, அதே வயசு. பாத்துத்தான் வாங்குனேன்."

"யார் வீட்டுப் பல்லு?"

"அத்தக் கேக்காதீங்க."

"வெண்ணிலா, சிவப்பு வந்த பல்லு ஒண்ணு கோப்புல இருக்கு. அதுக்கு ஒரு குழந்தை இருந்தாகணும். அந்தக் குழந்தை யாருன்னு தெரியாம இந்தக் கோப்பை மூட முடியாது. மூடலைன்னா மித்ரா பதினெட்டு வயசு வரைக்கும் அங்கதான்."

வெண்ணிலா இப்போது அவளை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண், நெற்றி, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"குடுத்த அக்காவுக்கு வேல போயிடும். அத்தோட... உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மேடம், வுட்டுடுங்க. 'இத்தவிட சுத்தமான வூடு எங்கடி கெடைக்கும் உனுக்கு'ன்னு சிரிச்சிக்கினேதான் குடுத்துச்சி அந்தக்கா."

சுகிர்தா எழுந்தாள். வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது வெண்ணிலா பின்னாலிருந்து சொன்னாள்.

"நீங்க எழுதுனத கமிட்டில படிச்சிக் காட்டுனாங்க. அம்மாக்காரிக்குத் தெரியாம இருக்காதுன்னு எழுதியிருந்தீங்க. நெசம்தான் மேடம். எனுக்குத் தெரிஞ்சிது. தெரிஞ்சதாலதான் தொரத்துனேன்."

*

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் கீழே போயிருந்தார்கள். சுகிர்தா ஆகஸ்ட் அறிக்கையை எடுத்து இரண்டாவது பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

பிறப்புக் கோடு, ஜனவரி பதினேழு. சுகிர்தாவின் மகள் ஆரபிக்கும் ஜனவரியில்தான் பிறந்தநாள், பதினாறாம் தேதி, நள்ளிரவை ஒட்டி. ஜனவரியில் எத்தனையோ குழந்தைகள் பிறக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினாள்.

பதினான்காவது மாதம். பதினொரு நாள் கடும் காய்ச்சல். ஆரபி டெங்கு வந்து மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தாள். சுகிர்தா தேதியைப் பார்த்தாள். விரல் அந்த வரியிலேயே நின்றது.

இரண்டு வயது ஐந்து மாதம். உணவிலும் உறக்கத்திலும் மாற்றம், இருபத்தொரு நாள். காரணம் தெரியவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். டெல்லியில் பயிற்சி. பல் வாசிப்பை எப்படி நடத்துவது என்ற பயிற்சி. அவள் திரும்பி வந்தபோது ஆரபி கொஞ்ச நேரம் அவளிடம் வராமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். தூக்கிய பிறகு சரியாகிவிட்டாள் என்றுதான் சுகிர்தா நினைத்திருந்தாள்.

நாலாவது பக்கத்தில் ஜாஃபரின் குறிப்பு. ஐந்தாவது பக்கத்தில் ஒரு பட்டியல். கறை படிந்த தேதிகள், பதினான்கு மாதங்கள், மாதத்துக்கு இரண்டு. தினமும் புகைக்கிற வீட்டில் கறை இப்படி வராது. மேசை நாட்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது சனிக்கிழமை, நான்காவது சனிக்கிழமை. இரண்டாவது, நான்காவது. ஒன்றுகூடத் தவறவில்லை.

கமிட்டி கூடுவது இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில். காலையில் போனால் அவள் திரும்ப இரவு ஆகிவிடும்.

ஆறாவது பக்கத்தில் அவள் கையெழுத்து இருந்தது.

டிஷ்யூ தாளில் பொதிந்து கஸ்தூரியிடம் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கஸ்தூரி அவர்கள் வீட்டில் ஆறு வருடமாகச் சமைக்கிறவள், அலைமேட்டிலிருந்து வருகிறவள். "எங்க மொட்டை மாடிக்குப் பூட்டு போட்டு வச்சிருக்காங்க கஸ்தூரி. உங்க வீட்டுக் கூரையில போட்டுடுங்களேன்." "குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்." இருவரும் சிரித்தார்கள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி.

சுகிர்தா டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். எலுமிச்சைச் சாதம். முழுவதையும் சாப்பிட்டாள். கழுவும்போதுதான், கன்னத்தின் உள்பக்கம் கடிபட்டு ரத்தம் வந்திருப்பதைப் பார்த்தாள்.

*

வீட்டில் பிரசன்னா ஆரபிக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். நல்ல அப்பா. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், சுகிர்தாவும் சொல்வாள். கட்டிட வடிவமைப்பாளன், வீட்டிலிருந்தே வேலை. அவனுடைய அறையில் பிளாஸ்டிக் அட்டைகளைச் சூட்டில் வெட்டி மாதிரி வீடுகள் செய்வான். அதனால் சனிக்கிழமை இரவுகளில் வீட்டில் லேசாக ஒரு வாசனை இருக்கும். கருகின பிளாஸ்டிக்கும் இனிப்பும் கலந்த வாசனை. மாதிரி வீட்டின் வாசனை என்று அவள் மூக்கு முடிவுசெய்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அந்த வாசனையைக் குப்பியில் அடைத்து, மூடியைத் திறந்து நீட்டி, 'மறக்காதீங்க, வாசல்லயே தெரியும்' என்று பாடம் எடுக்கிறவளே அவள்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புற சுகி?"

எல்லாக் கமிட்டிக்கும் முந்தின நாள் அவன் கேட்கிற கேள்வி. அக்கறை என்று நினைத்திருந்தாள்.

"ஒன்பதுக்கு. நாளைக்கு யார் யார் வர்றாங்க?"

தோசைக் கரண்டி ஒரு கணம் நின்றது. "எப்பவும் வர்ற ரெண்டு பேர்தான். வேலை விஷயமா. ஏன்?"

"அப்போ ஆரபி எங்க இருப்பா?"

"ஹால்ல டிவி பார்த்துட்டு இருப்பா. என்ன, ஆபீசர் மாதிரி விசாரிக்கிற?" சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. ஆரபியைத் தட்டோடு உள்ளே போகச் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஐந்தாவது பக்கத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

அவன் தேதிகளைப் படித்தான். அடுப்பில் இருந்த தோசை கருகியது. அவனே அணைத்தான்.

"எனக்கு ஒண்ணும் பழக்கம் எல்லாம் இல்ல" என்றான் மெதுவாக. "வேலை நெருக்கும்போது... என்னால நிறுத்த முடியும். கதவைச் சாத்திட்டுத்தான்... மாசத்துல ரெண்டு நாள் சுகி. ரெண்டே ரெண்டு நாள்."

அவள் தலையசைத்தாள். இந்த இடத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் பேசுவார்கள். அடுத்து அழுவார்கள். அவனும் அழுதான். கோபம் வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு பாத்திரங்களை ஒதுக்கிவைத்தாள்.

ஆரபி தூங்கின பிறகு மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். குழந்தையின் பெயர். வயது. முகவரி. தாயின் நிலை.

தெரியாது என்று எழுதலாம். அது உண்மையும்கூட. எண்பத்து மூன்று தாய்மார்கள் சொன்ன உண்மை. ஆனால் அந்த வாசனை அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக் கேள்வி தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரபி எரிச்சலோடும் பசியில்லாமலும் இருந்தது தெரியும். எல்லாம் தனித்தனியாகத் தெரிந்திருந்தது. சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம்தான் மரத்துக் கிடந்தது. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை எழுதி முடித்திருந்தது. 'தாய்க்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.' பழகின கை. அடிக்கலாமா என்று பார்த்தாள். அடிக்கவில்லை.

*

சனிக்கிழமை கமிட்டி முதல் கோப்பாக மித்ராவின் கோப்பை எடுத்தது. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இரண்டு அறிக்கைகளையும் படித்தார், சுகிர்தாவின் படிவத்தையும் படித்தார், பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"உங்க கோப்பை நீங்களே கொண்டு வர்றீங்களே சுகிர்தா."

"சிவப்பு வந்த பல்லுக்கு ஒரு குழந்தை வேணுமே மேடம்."

"உங்களுக்கு அக்கா இருக்காங்கல்ல? அங்க விடுங்களேன். விசாரணை முடியற வரைக்கும்."

"வெண்ணிலாவுக்கும் ஒரு அக்கா இருந்தாங்க. அதைக் கோப்புல நான் எழுதல."

தலைவர் இரண்டு உத்தரவுகளில் கையெழுத்து போட்டார். தளிர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகும், ஒரு படுக்கை நிரம்பும் என்று எழுத்தர் பியூலாவுக்குப் போன் செய்து சொன்னார்.

ஆரபி வெளியே வராந்தாவில் பையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாற்றுத்துணி, ஒரு பல் துலக்கி. முன்பக்கம் இரண்டு பல் இல்லை, ஒன்று பாதி முளைத்திருந்தது. நேராகத்தான் முளைத்துக்கொண்டிருந்தது.

"எங்கம்மா போறோம்?"

"ஒரு இடத்துக்கு. உன்னை மாதிரி நிறையப் பிள்ளைங்க இருப்பாங்க."

"நீயும் இருப்பியா?"

"நான் அப்பப்போ வருவேன்."

"எத்தனை நாள்?"

சுகிர்தா வாயைத் திறந்தாள். வேறு ஏதோ சொல்லத்தான் திறந்தாள்.

"ரெண்டு நாள்தான்."

குரல் தடுமாறவில்லை.

இல்லத்தின் வாசலில் வெண்ணிலா ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். கையில் துவைத்து மடித்த மஞ்சள் கவுன். சுகிர்தாவைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். ஆரபியின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"புடவை நுனியப் புடிச்சிக்கினு தூங்குற புள்ளையா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். "அப்டின்னா ஒரு புடவை குடுத்துட்டுப் போங்க. மித்ராவுக்கு நான் குடுக்காம வுட்டுட்டேன்."

உள்ளே மித்ரா தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். படிக்கட்டில் புதுப் பிள்ளையைக் கண்டதும் நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரே உயரம். மித்ரா அவள் வாயைப் பார்த்தாள், பல் போன இடத்தைப் பார்த்துத் தன் நாக்கைத் தன் ஓட்டைக்குள் விட்டுக் காட்டினாள். ஆரபியும் காட்டினாள்.

"உனக்கும் ரெண்டு நாள்னு சொன்னாங்களா?" என்றாள் மித்ரா.

ஆரபி தலையாட்டினாள்.

மித்ரா சுகிர்தாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆரபியின் காதருகே குனிந்து, பெரியவர்கள் ரகசியம் சொல்வதுபோல் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னாள். வராந்தா முழுக்கக் கேட்டது.

"நீ எண்ணாத. எண்ணினா அது வரவே வராது."

ஆரபியின் கை சுகிர்தாவின் கைக்குள் இருந்தது. அந்தச் சின்ன விரல்கள் ஒரு கணம் இறுகியதை அவள் உணர்ந்தாள். இன்றைய கோடு விழுகிறது என்று நினைத்தாள். கன்னத்தின் உள்பக்கம், நேற்றுக் கடித்த இடம், அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.